கோப்பு நகர்ந்தால் பெயர் மாறலாமா?

வாசகர் கேள்விகள்: இணைப்புத் தரவு

போன இதழில் இணைப்புத் தரவு பற்றி எழுதியிருந்தேன். உலகத்தில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஒரு வலை முகவரியைப் பெயராக வையுங்கள், அந்தப் பெயர்களைக் கொண்டு எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று மூன்று மூன்றாக உண்மைகளை எழுதுங்கள், அவ்வளவுதான் விஷயம் என்று சொன்னேன். இப்படி மூன்று மூன்றாக எழுதும் முறைக்கு ஆர்டிஎஃப் என்று பெயர். டர்ட்டில், ஜேசன்-எல்டி, ஆர்டிஎஃப்/எக்ஸ்எம்எல் எல்லாம் அதை எழுதும் கோப்பு வடிவங்கள். கடிதங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன: முழு முகவரி எழுத அலுப்பாக இருந்து பாதி முகவரி எழுதினால் என்ன ஆகும்?

பதில்களுக்குள் போகுமுன் ஒன்று. உதாரணங்களில் எல்லாம் ‘உதாரணம்.பரிட்சை’ என்ற தளத்தைப் பயன்படுத்துகிறேன். இது என் கற்பனை இல்லை. 2007-இல், தளப்பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு ஆங்கிலம் அல்லாத எழுத்துகளில் தளப்பெயர் வேலை செய்யுமா என்று பார்க்கப் பதினொரு சோதனைப் பெயர்களை வலையில் ஏற்றியது. தமிழுக்குக் கிடைத்தது இந்தப் பெயர். பிறகு எடுத்துவிட்டார்கள். இப்போது யாருக்கும் சொந்தமில்லை, அதனால் தைரியமாக எழுதலாம். ‘எச்டிடிபி’, ‘@பேஸ்’ போன்றவற்றை நிஜக் கோப்பில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

*

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தின் புத்தகப் பட்டியலை டர்ட்டில் கோப்பாக எழுதினேன். புத்தகங்களுக்கு <நூல்/12>, <நூல்/13> என்று சின்னதாகப் பெயர் வைத்தேன். என் லேப்டாப்பில் பைத்தானின் ஆர்டிஎஃப்லிப் கொண்டும், நண்பரின் கணினியில் ஜெனா கொண்டும் அதே கோப்பைத் திறந்தோம். இரண்டு பேர் எடுத்ததையும் ஒரே தரவுக் கிடங்கில் சேர்த்ததும் ஒவ்வொரு புத்தகமும் இரண்டு புத்தகமாகிவிட்டது! மென்பொருளில் கோளாறா?
— நூலக உதவியாளர், கும்பகோணம்

மென்பொருள் இரண்டும் சொன்னபடி கேட்டிருக்கின்றன. நீங்கள்தான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

‘மேலத் தெரு, மூன்றாவது வீடு’ என்று உறையில் எழுதித் தபால் பெட்டியில் போட்டால் என்ன ஆகும்? மேலத் தெரு இல்லாத ஊரே கிடையாது. உள்ளூர்த் தபால்காரர் தன் ஊரில் கொண்டுபோய்க் கொடுப்பார், பக்கத்து ஊர்க்காரர் தன் ஊரில் கொடுப்பார். <நூல்/12> அந்த மாதிரி. அதற்கு முன்னால் ஓர் ஊர் பெயர் வேண்டும். அதற்குத்தான் ‘பேஸ்’ என்று பெயர், அடிப்படை முகவரி.

ஆர்டிஎஃப் கோப்பைப் படிக்கும் எந்த நிரலும் பாதி முகவரியைப் பாதியாகவே விட்டுவைக்காது. படிக்கும்போதே முழுசாக்கிவிடும். எந்த அடிப்படை முகவரியை வைத்து முழுசாக்குவது என்பதற்கு வலையில் பொதுவான விதி இருக்கிறது. ஆர்எஃப்சி 3986 என்ற ஆவணம், 2005 ஜனவரியில் வந்தது. எழுதியவர்கள் டிம் பெர்னர்ஸ்-லீ, ராய் ஃபீல்டிங், லாரி மாசின்டர். அதன் ஐந்தாம் பிரிவு நான்கு படியாகத் தேடச் சொல்கிறது. முதலில் கோப்புக்குள்ளேயே அடிப்படை முகவரி எழுதியிருக்கிறதா என்று பார். இல்லையென்றால் இந்தக் கோப்பைச் சுமந்துவந்த வெளி உறைக்கு ஏதாவது முகவரி உண்டா பார். அதுவும் இல்லையா, எந்த முகவரியிலிருந்து இந்தக் கோப்பை எடுத்தாயோ அதையே வைத்துக்கொள். எதுவுமே கிடைக்காவிட்டால் நிரல் தன் விருப்பப்படி ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கோப்பில் முதல் படியில் ஒன்றும் இல்லை, இரண்டிலும் இல்லை. மூன்றாவதில் என்ன கிடைத்தது? கோப்பு வட்டில் இருந்த இடம். உங்கள் கணினியில் ‘ஃபைல்:///’ என்று தொடங்கி உங்கள் பயனர்பெயர், ஃபோல்டர் எல்லாம் சேர்ந்து கடைசியில் நூல்/12. நண்பர் கணினியில் அவர் பயனர்பெயர், அவர் ஃபோல்டர், நூல்/12. ஆர்டிஎஃப் இரண்டு பெயர் ஒன்றா என்று பார்ப்பது எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான். ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு புத்தகம்.

சரி, தீர்வு ஒரே வரி. கோப்பின் முதல் வரியில்

@பேஸ் <எச்டிடிபி://உதாரணம்.பரிட்சை/நூலகம்/> .

என்று போடுங்கள். கடைசிப் புள்ளியை விட்டுவிடாதீர்கள். (அட் குறி இல்லாமல் வெறும் ‘பேஸ்’ என்று ஸ்பார்க்கிள் என்ற வினவல் மொழியின் பாணியிலும் எழுதலாம், அதற்குப் புள்ளி வரக்கூடாது. 2014 பிப்ரவரியில் டர்ட்டில் தரமானபோது இரண்டு பாணியையும் ஏற்றுக்கொண்டார்கள். ஒருவகைச் சமரசம். படிக்கிறவருக்குக் குழப்பம்தான்.) கோப்பைத் திருத்த முடியாத நிலை என்றால் ஆர்டிஎஃப்லிப்பில் ‘பப்ளிக்ஐடி’ என்ற அளபுருவில் அடிப்படை முகவரியைக் கொடுங்கள், ஜெனாவின் ரியாட் கட்டளைக்கு ‘--பேஸ்’ இருக்கிறது. ஆனால் அது இரண்டாம்பட்சம். வெளியே சொன்னதை அடுத்த ஆள் சொல்ல மறந்துபோவார். கோப்புக்குள் எழுதியது கோப்போடு போகும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு நிறுவனம் பெருமையாக வெளியிட்ட பட்டியல் ஒன்றை இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு ஓலைச்சுவடியின் பெயரும் ‘ஃபைல்:///’ என்று தொடங்கி, அதைத் தயாரித்த ஊழியரின் பயனர்பெயர், டெஸ்க்டாப், ‘புதிய ஃபோல்டர் 2’ வழியாகப் போய்ச் சுவடியின் எண்ணில் முடிந்தது. கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அந்தப் பெயர்களை எடுத்துப் பயன்படுத்தியவர்களின் தரவிலும் அந்த ‘புதிய ஃபோல்டர் 2’ இப்போது குடியிருக்கிறது.

வெளியிடுமுன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். கோப்பை என்-ட்ரிபிள்ஸ் வடிவத்துக்கு மாற்றிப் பாருங்கள். அந்த வடிவத்தில் பாதி முகவரிக்கு இடமே கிடையாது, எல்லாம் விரித்து எழுதப்பட்டிருக்கும். அதில் ‘ஃபைல்:’ என்று தேடுங்கள். ஒன்று அகப்பட்டாலும் கோப்பை வெளியே விடாதீர்கள்.

*

கேள்வி: நான் @பேஸ் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருக்கிறேன் அம்மா. எச்டிடிபி://உதாரணம்.பரிட்சை/நூலகம் என்பதுதான் என் பேஸ். ஆனால் <குறள்> என்று எழுதினால் நடுவில் ‘நூலகம்’ காணாமல் போய் எச்டிடிபி://உதாரணம்.பரிட்சை/குறள் என்று வருகிறது. கடைசியில் # போட்டும் பார்த்தேன், அப்போதும் அதேதான்.
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

கடைசியில் ஒரு சாய்கோடு போடுங்கள். ‘நூலகம்/’. அவ்வளவுதான்.

ஏன் என்று கேட்டால்: விதி அடிப்படை முகவரியின் பின்னால் உங்கள் சொல்லை ஒட்டுவதில்லை. அடிப்படை முகவரியில் கடைசிச் சாய்கோட்டுக்குப் பிறகு இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் உங்கள் சொல்லை வைக்கிறது. சாய்கோடு இல்லாத ‘நூலகம்’ அதன் கண்ணுக்கு ஒரு கோப்பு, ஃபோல்டர் அல்ல. குறள் அந்தக் கோப்புக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு கோப்பு. # விஷயத்தில் இன்னும் கறார்: அடிப்படை முகவரியில் # இருந்தால் கணக்குத் தொடங்குமுன்பே அதையும் அதற்குப் பின்னால் உள்ளதையும் கழற்றிவிடும். நீங்கள் போட்டது போடாததற்குச் சமம்.

ஆர்எஃப்சி 3986-இன் 5.4ஆம் பிரிவில் ஒரு நல்ல பயிற்சிப் பட்டியல் உண்டு. அதைக் கொஞ்சம் எளிதாக்கித் தமிழ் எழுத்தில் தருகிறேன். அடிப்படை எச்டிடிபி://அ/ஆ/இ/ஈ என்று வையுங்கள். <க> என்றால் எச்டிடிபி://அ/ஆ/இ/க ஆகும், ‘ஈ’ போய்விட்டதைக் கவனியுங்கள். <../க> ஒரு படி மேலே ஏறி எச்டிடிபி://அ/ஆ/க. முன்னால் ஒற்றைச் சாய்கோடு போட்டு </க> என்றால் பாதை முழுவதும் போய் எச்டிடிபி://அ/க மட்டும் மிஞ்சும். இரட்டைச் சாய்கோடு <//க> போட்டால் தளமே மாறி எச்டிடிபி://க ஆகிவிடும். <#க> மட்டும்தான் எதையும் வெட்டாது, எச்டிடிபி://அ/ஆ/இ/ஈ#க. அப்புறம், ‘../’ எத்தனை போட்டாலும் தளத்தின் உச்சிக்கு மேலே போகாது. மிச்சத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும், பிழை காட்டாது.

நீங்கள் எதிர்பார்த்த ஒட்டு வேலையைச் செய்வது @பேஸ் அல்ல, @பிரிஃபிக்ஸ். ‘@பிரிஃபிக்ஸ் நூ: <எச்டிடிபி://உதாரணம்.பரிட்சை/நூலகம்#> .’ என்று அறிவித்துவிட்டு நூ:குறள் என்று எழுதினால் இரண்டும் அப்படியே ஒட்டிக்கொண்டு நூலகம்#குறள் ஆகும். வெட்டுதல் கிடையாது, புள்ளி-புள்ளி-சாய்கோட்டுக் கணக்கு கிடையாது. ஒன்று கணக்கு, மற்றது ஒட்டு. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்து அடித்த கோப்புகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இன்னொரு நுணுக்கம்: @பிரிஃபிக்ஸிலேயே பாதி முகவரி எழுதினால், அந்த வரி வரும் நேரத்தில் எந்த @பேஸ் நடப்பில் இருக்கிறதோ அதை வைத்து முழுசாகும். கீழே வேறொரு @பேஸ் போட்டாலும் பழைய பிரிஃபிக்ஸ் மாறாது. ஒரு கோப்பில் இரண்டு @பேஸ் போடுவது சட்டப்படி சரி. நல்ல பழக்கம் என்று நான் சொல்லமாட்டேன்.

*

கேள்வி: சில டர்ட்டில் கோப்புகளில் உள்ளே எதுவுமே இல்லாமல் <> என்று மட்டும் இருக்கிறதே, எழுத மறந்துவிட்டார்களா?
— இல்லத்தரசி, சேலம்

மறக்கவில்லை. வெற்று முகவரியும் ஒரு பாதி முகவரிதான். கணக்குப் போட்டால் அடிப்படை முகவரியே விடையாக வரும். ‘இந்தக் கோப்பு’ என்று அர்த்தம். இந்தக் கோப்பை எழுதியது யார், எந்த உரிமத்தில் வெளியிடுகிறோம் என்று சொல்ல வசதி. ஆனால் @பேஸ் மாற்றியிருந்தால் <> நிஜக் கோப்பைச் சுட்டாது, நீங்கள் சொன்ன முகவரியைச் சுட்டும். அது நல்லதா கெட்டதா என்பது நீங்கள் எதற்கு உரிமம் எழுதுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

*

கேள்வி: எங்கள் குழுவில் ஜேசன்-எல்டி பயன்படுத்துகிறோம். @பேஸை ஒவ்வொரு கோப்பிலும் எழுதுவானேன் என்று, எல்லாருக்கும் பொதுவான கான்டெக்ஸ்ட் கோப்பை (சொற்களுக்கு விளக்கம் தரும் கோப்பு) சர்வரில் வைத்து அதில் ஒரே இடத்தில் எழுதினோம். ஒரு பலனும் இல்லை. பிழைச் செய்தியும் வரவில்லை.
— மென்பொருள் பொறியாளர், சிங்கப்பூர்

வராது. வெளியிலிருந்து இழுக்கும் கான்டெக்ஸ்ட் கோப்பில் உள்ள @பேஸைக் கண்டுகொள்ளக் கூடாது என்று ஜேசன்-எல்டி தரமே சொல்கிறது. 2014-இன் 1.0-விலும் அப்படித்தான், 2020-இல் வந்த 1.1-விலும் அப்படித்தான். எனக்கு இது நியாயமாகவே படுகிறது. அடிப்படை முகவரி அந்தந்த ஆவணத்தின் சொத்து. யாரோ எங்கோ வைத்திருக்கும் கான்டெக்ஸ்ட் கோப்பில் ஒரு வரி மாறினால் உங்கள் பொருள்களின் பெயர்களெல்லாம் மாறுவதா? கோப்புக்குள்ளேயே கான்டெக்ஸ்ட்டை ஒரு பட்டியலாக்கி, முதலில் பொதுக் கோப்பின் முகவரி, அடுத்து ‘@பேஸ்’ மட்டும் கொண்ட சின்ன அடைப்பு என்று எழுதுங்கள்.

கூடவே பார்க்க வேண்டியது: ஜேசன்-எல்டியில் எல்லாச் சொல்லும் @பேஸை நாடுவதில்லை. ‘@ஐடி’யில் இருப்பது @பேஸோடு சேர்ந்து முழுசாகும். பண்புப் பெயர்களும் ‘@டைப்’பில் இருப்பதும் @வொக்காப்பை, அதாவது சொற்களுக்கென்று தனியாகச் சொல்லும் முன்முகவரியை நாடும். @வொக்காப் இல்லை, கான்டெக்ஸ்ட்டில் விளக்கமும் இல்லை என்றால் அந்தப் பண்பு அப்படியே உதிர்ந்துவிடும். ‘ஆசிரியர்: நபர்/3’ என்று எழுதினால் அந்த நபர்/3 வெறும் எழுத்துச் சரமாகவே நிற்கும், அது ஒரு முகவரி என்று கான்டெக்ஸ்ட்டில் சொல்லியிருந்தால்தான் விரியும். எச்டிஎம்எல் பக்கத்துக்குள் ஜேசன்-எல்டியைச் செருகியிருந்தால் அந்தப் பக்கத்தின் பேஸ் குறியீடும் ஆட்டத்துக்கு வரும்.

*

கேள்வி: முகவரியில் தமிழ் எழுத்து போடலாமா? போட்டேன், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்களைக் கணினி வேறு வேறு என்கிறது.
— தமிழாசிரியர், யாழ்ப்பாணம்

தாராளமாகப் போடலாம், ஐயா. 3986 வந்த அதே மாதம் ஆர்எஃப்சி 3987 வந்தது. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளையும் ஏற்கும் முகவரியான ஐஆர்ஐ அதில் வரையறுத்ததுதான். ஆர்டிஎஃப் அதையே பெயராக ஏற்கிறது. டர்ட்டிலில் பிரிஃபிக்ஸ்கூடத் தமிழில் இருக்கலாம்.

பிரச்சினை நம் கொம்புகளில் இருக்கிறது. ‘கொ’ என்பதைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘க’வோடு ஒகரக் குறி என்ற ஒரே குறியீடு சேர்ப்பது ஒரு வழி. ‘க’வோடு ஒற்றைக்கொம்பு தனியாக, கால் தனியாகச் சேர்ப்பது இன்னொரு வழி. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. எழுத்துச் சரமாக ஒப்பிட்டால் இரண்டும் வேறு. கோப்பைப் படிக்கும் நிரல் பாதி முகவரியை முழுசாக்கும்போது இதைச் சரிசெய்யாது, சரிசெய்யவும் கூடாது. அடிப்படைக் கணக்கை மட்டும் செய், வேறு எந்த ஒழுங்குபடுத்தலும் வேண்டாம் என்று டர்ட்டில் தரத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆகவே கோப்பை எழுதும்போதே யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள், கொம்பும் காலும் ஒரே குறியீடாகிவிடும். ஆனால் ஔகாரத்தில் ஒரு பொறி இருக்கிறது. ‘கௌ’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் ‘கெ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாக அடிப்பவர்கள் ஏராளம். அதை என்எஃப்சி திருத்தாது, அதன் கண்ணுக்கு ‘ள’ ஒரு முழு எழுத்து. ‘கௌதமன்’, ‘கெளதமன்’ இரண்டும் இரண்டு ஆள். இதற்கு ஆசிரியர் கண்தான் மருந்து, சிவப்பு மையோடு உட்காருங்கள்.

இன்னொன்று, பிரவுசரிலிருந்து முகவரியை நகலெடுத்தால் தமிழ் எழுத்துகள் விழுக்காட்டுக் குறிகளாக (%) வந்து விழும். ‘தமிழ்’ என்ற சொல் ஐந்து குறியீட்டுப் புள்ளி, யுடிஎஃப்-8-இல் 15 பைட், விழுக்காட்டுக் குறியில் 45 எழுத்து. பிரவுசருக்கு இரண்டும் ஒரே பக்கம். ஆர்டிஎஃப்புக்கு இரண்டு வேறு பெயர். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். நான் தமிழ் எழுத்தின் பக்கம்.

முக்காற்புள்ளியும் தகராறு செய்யும். <குறள்:1> என்று எழுதினால் ‘குறள்’ என்பது எச்டிடிபி போல ஒரு நெறிமுறையின் பெயர் என்று எடுத்துக்கொள்ளப் பார்த்து, அந்த இடத்தில் தமிழ் எழுத்து வரக்கூடாதென்று நிரல் முரண்டு பிடிக்கும். பாதி முகவரியின் முதல் துண்டில் முக்காற்புள்ளி கூடாது என்பது விதி. <./குறள்:1> என்று எழுதித் தப்பிக்கலாம். குறள்-1 என்று வைத்துவிட்டால் தப்பிக்கவே வேண்டியதில்லை.

*

கேள்வி: விக்கிடேட்டா என்ற திறந்த தரவுத்தளத்தில் தமிழ் மொழிக்கான பெயர் (கியூ5885) ‘எச்டிடிபி’ என்றே தொடங்குகிறது. இந்தக் காலத்தில் ‘எச்டிடிபிஎஸ்’ தானே பாதுகாப்பு? மாற்றி எழுதட்டுமா?
— வங்கி ஊழியர், மதுரை

மாற்றாதீர்கள். திறந்து பார்ப்பதற்கான முகவரி பாதுகாப்பாக இருக்கட்டும். பெயரில் ஒரு ‘எஸ்’ கூடினால் விக்கிடேட்டா சொல்லும் தமிழ் வேறு, நீங்கள் சொல்லும் தமிழ் வேறு என்றாகிவிடும்.

*

கேள்வி: எங்கள் சொற்களஞ்சியத்துக்கு ஒரு நிரந்தர முகவரி வாங்கி, அது வேறிடத்தில் இருக்கும் கோப்புக்குத் திருப்பிவிடுமாறு வைத்திருக்கிறோம். கோப்புக்குள் <#நூல்>, <#ஆசிரியர்> என்று எழுதியிருக்கிறோம். இது போதுமா? அல்லது பாதி முகவரியே வேண்டாம் என்று ஒழித்துவிடலாமா?
— ஆய்வு மாணவி, சென்னை

போதாது. திருப்பிவிடுதல் நடந்தால், கடைசியாக எந்த முகவரியிலிருந்து கோப்பு நிஜமாகக் கிடைத்ததோ அதுதான் அடிப்படை. நீங்கள் நிரந்தரம் என்று நம்பும் முகவரி வாசல் மட்டுமே. <#நூல்> என்பது, இன்று கோப்பு கிடக்கும் சேமிப்பிடத்தின் முகவரியோடு ஒட்டிக்கொள்ளும். நாளை கோப்பை வேறு சர்வருக்கு மாற்றினால் உங்கள் சொற்களஞ்சியத்தில் ஒவ்வொரு சொல்லும் புதுச் சொல். நிரந்தர முகவரி எதற்கு என்பதை, நூல் போன்றவற்றின் விவரங்களை எழுத உதவும் டப்ளின் கோர் சொற்களைப் பார்த்தால் புரியும். அவை பர்ல் என்ற நிரந்தர முகவரிச் சேவையின் பெயர்களில் இருக்கின்றன. 1995-இல் அதைத் தொடங்கியது ஓசிஎல்சி என்ற நூலகக் கூட்டுறவு, 2016-இல் அது இன்டர்நெட் ஆர்கைவின் கைக்குப் போனது. நடத்துகிறவர் மாறினார், சர்வர் மாறியது, பெயரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. உங்கள் கோப்பின் தலையில் நிரந்தர முகவரியை @பேஸாக எழுதிவிட்டால் <#நூல்> அதனோடு சேரும், கோப்பு எங்கே கிடந்தாலும் சரி.

ஒழித்துவிடலாமா என்றால், எனக்கு அதில் சம்மதமில்லை. @பேஸ் போடவே கூடாத இடமும் உண்டு. லிங்க்ட் டேட்டா பிளாட்ஃபார்ம் என்று 2015-இல் வந்த தரத்தில், புதுப் பதிவு ஒன்றை சர்வருக்கு அனுப்பும்போது அதற்கு என்ன முகவரி கிடைக்கப்போகிறது என்று அனுப்புகிறவருக்குத் தெரியாது, சர்வர்தான் வைக்கும். அங்கே <> என்று எழுதி அனுப்புங்கள். புதிதாகப் பிறக்கும் பதிவின் முகவரியையே அடிப்படையாகக் கொண்டு சர்வர் அதை நிரப்ப வேண்டும் என்பது அந்தத் தரத்தின் விதி. பெயர் வைக்கிற உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர் @பேஸ் எழுதட்டும். உங்கள் சொற்களஞ்சியத்தில் அந்த உரிமை உங்களிடம் இருக்கிறது, அந்த வரியை இன்றைக்கே எழுதிவிடுங்கள்.

*

கேள்வி: ஆர்டிஎஃப்/எக்ஸ்எம்எல் கோப்பில் ‘ஐடி’, ‘அபவுட்’ இரண்டும் ஒன்றுதானே? ஐடி="1330" என்று போட்டால் பிழை வருகிறது.
— அச்சக உரிமையாளர், சிவகாசி

ஒன்றல்ல. அபவுட்="குறள்" என்பது மேலே சொன்ன வெட்டி வைக்கும் கணக்கு. ஐடி="குறள்" என்றால் நடுவில் # தானாக வந்து, அடிப்படை#குறள் ஆகும். இந்த வடிவத்தில் அடிப்படை முகவரியை ‘எக்ஸ்எம்எல்:பேஸ்’ என்ற பண்பில் எழுத வேண்டும். ஐடிக்கு எக்ஸ்எம்எல் பெயர் விதி பொருந்தும், இலக்கத்தில் தொடங்கக் கூடாது. ‘கு1330’ என்று வையுங்கள், போகும்.